முழுப் பூசணத்தை பெயிண்டில் மறைக்கும் மகான்களுக்கு...

இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கவும்.

நியூசிலாந்தின் டனீடினில் பி.காம் படிக்கும் மூன்று பேர் சேர்ந்து பழைய டொயோட்டா ஹைஏஸ் கேம்பர் வேன் ஒன்று வாங்கினோம். தெற்குத் தீவைச் சுற்றிவிட்டு விற்றுவிடலாம் என்று திட்டம். சுற்றியாச்சு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், வேனைப் பூட்டிப் போட்டாச்சு. செப்டம்பரில் திறந்தால், கூரையின் உட்பக்க பிளைவுட் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். நனைந்த சாக்கு மாதிரி வாடை.

"ப்ளீச் அடி, மேல வெள்ளை பெயிண்ட் ஒரு கோட் அடி, நவம்பர்ல வர்ற பேக்பேக்கர் எவன் தலையிலயாவது கட்டிடலாம்" என்றான் ஒரு பார்ட்னர். இன்னொருத்தன் தலையாட்டினான். இரண்டுக்கு ஒன்று. ஜனநாயகம் வாழ்க!

முதலில் ப்ளீச் சங்கதி. மரம் ஈரத்தை உறிஞ்சும். ப்ளீச் மேலே இருக்கும் கறையை வெளுக்கும், உள்ளே போன பூஞ்சை அங்கேயே இருக்கும். பூஞ்சை சுத்தம் செய்ய ப்ளீச்சை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது. செத்த பூஞ்சையும் அலர்ஜி தரும், அதனால் கொன்றால் போதாது, அகற்ற வேண்டும். இதில் நம்ம ஆள் ப்ளீச்சோடு வினிகரும் கலக்கலாம் என்றான். அப்படிக் கலந்தால் வருவது குளோரின் வாயு ராசா, அதுவும் வேனுக்குள்ளே!

அடுத்து, பூசணம் ஏன் வந்தது? நம்ம பாஷையில் சொன்னால், அது வரவில் எழுதாமல் விட்ட தண்ணீர். 1 கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். கதவைச் சாத்திக்கொண்டு நூடுல்ஸ் செய்தோமே, நினைவிருக்கா? அதோடு மூன்று பேர் மூச்சு, நனைந்த ஜாக்கெட். எல்லாம் சில்லென்ற தகரக் கூரையில் பட்டுத் துளியாகும். பெயிண்ட் அடித்தால் இந்தக் கணக்கில் ஒரு வரி மாறுமா?

பார்ட்னர் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. "பழைய வண்டின்னா குறை இருக்கும், வாங்குறவன் பாத்து வாங்கணும்." சரிதான். 1993-ம் வருட நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் தனிநபர் விற்பனைக்குப் பொருந்தாது என்பதை நாமே பரீட்சையில் எழுதியிருக்கிறோம். ஆனால் பார்த்து வாங்கச் சொல்கிறவன் பார்க்க விட வேண்டாமா? கறையைக் காட்டி விலை பேசினால் வியாபாரம். கறையின் மேல் பெயிண்ட் அடித்து விலை பேசினால் அதற்கு வேறு பெயர். ஈரம் இருக்கா என்று கேட்டவனிடம் இல்லை என்று பொய் சொன்னால், 2017-ம் வருட ஒப்பந்த, வணிகச் சட்டப்படி அவன் நஷ்டஈடு கேட்கலாம். பொய்க்கணக்கு எழுதுகிறவர்களைத் திட்டி அசைன்மென்ட் எழுதினோம், மார்க்கும் வாங்கினோம். அந்த மைகூடக் காயலை!

எனக்கு வீசிங் உண்டு. அந்தக் கூரைக்கு இரண்டடி கீழே படுத்தால் ராத்திரி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாங்கப் போகிறவனுக்கும் அது இருந்தால்?

அதனால் ஓட்டெடுப்பை மீறி நானே இறங்கினேன். மாஸ்க், கையுறை, கதவெல்லாம் திறந்து, ஊறிப்போன பலகைகளைக் கழற்றி வீசினேன். மேலே பார்த்தால் கூரை ஜன்னலின் ரப்பர் வெடித்துக் கிடக்கிறது! பெயிண்ட் அடித்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ரப்பரை மாற்றி, தகரத்தை சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் புதுப் பலகை போட்டேன்.

விளம்பரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறோம். விலை குறையும். என் பங்கிலும்தான் குறையும். ஒரு பார்ட்னர் இன்னும் பேசவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூட அதைத் தின்னக் கொடுத்தான் சாமி. நீங்கள் பூசணத்தை மறைத்து அதன் கீழே தூங்கச் சொல்கிறீர்கள்!

பி.கு: பேசாத பார்ட்னரும் இதைப் படிப்பான் என்று தெரியும். கோபம் தீர்ந்ததும் வாடா, டீ என் செலவு. ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுகிறேன்.