வீட்டுப்பாடம் முதலில் எங்களுக்கு

மனநலப் பிரிவுக்கு வருவோர் பலர் ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்குகின்றனர்: “எதிரில் அமர்ந்திருப்பவர் பயிற்சியில் இருப்பவர், என் துன்பம் இவருக்கு எப்படிப் புரியும்?” இது நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

சிபிடி எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சையை, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் மனச்சோர்வு நோயாளிகளுக்காக உருவாக்கினார். மனத்தில் சட்டென எழும் எண்ணங்களைக் கவனித்து எழுதுவதும், அவற்றுக்குச் சான்று உண்டா எனச் சீர்தூக்குவதும், சிறு செயல்களால் சோதித்துப் பார்ப்பதும் இதன் அடிப்படை. ஆகவே, சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது.

நிகழ்வு, எழுந்த எண்ணம், உணர்ச்சியின் அளவு, சான்றுகள், மாற்று எண்ணம் என எண்ணப் பதிவேட்டில் சில கட்டங்களே உள்ளன. பார்வைக்கு எளியது. ஆனால் “நான் எதற்கும் உதவாதவன்” என்பதைத் தன் கையாலேயே எழுத முற்படும்போதுதான் அதன் கனம் தெரியும். அந்தக் கனத்தை உணராதவர், எழுதாமல் வந்த நோயாளியை ஒத்துழைக்காதவர் எனத் தவறாக எண்ணிவிடக்கூடும்.

எனவே, பயிற்சியாளர் இம்முறையை முதலில் தம்மீதே செய்துபார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னட்-லெவி 2001இல் வெளியிட்ட ஆய்விலும், இவ்வாறு பயின்றோர் சிகிச்சையை மேலும் ஆழமாக உணர்ந்ததாகக் கூறினர்.

இதன் பயன் நோயாளிக்கே சேர்கிறது. நோயாளி கண்கலங்கும்போது, “இதை உடனே நிறுத்தாவிட்டால் நான் திறமையற்றவன்” என்ற எண்ணம் பயிற்சியாளருக்கு எழலாம். அதைக் கவனிக்காவிட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். சொல்லப்பட வேண்டியது சொல்லப்படாமலே போய்விடும். தம் எண்ணத்தை எழுதிப் பார்த்து, மேற்பார்வையாளருடன் பேசியவர், அடுத்த முறை அமைதியாக அமர்ந்து கேட்பார்.

இதற்கு எல்லையும் உண்டு. ஒரு நாள் பட்டினி இருந்தவர் வறுமையை அறிந்தவராகிவிட மாட்டார். தற்பயிற்சி, மூத்த மருத்துவர்களின் மேற்பார்வைக்கு ஈடாகாது. பயிற்சியாளர் தம் கதையை உங்கள் நேரத்தில் சொல்வதும் முறையன்று. அந்த நேரம் உங்களுடையது.

நோயாளிகளிடம் எங்கள் வேண்டுகோள் இது: பதிவேடு வெறுமையாக இருந்தாலும் தயங்காமல் வாருங்கள். எந்தக் கட்டத்தில் கை நின்றது எனச் சொல்லுங்கள். அதுவே சிகிச்சைக்குரிய செய்தி. சிகிச்சையாளர் பயிற்சியில் உள்ளவரா, அவரை மேற்பார்வையிடுபவர் யார் என்றும் தாராளமாகக் கேளுங்கள்.

குடும்பத்தினர், “எழுதிவிட்டாயா?” எனக் கண்காணிப்பதையும், அனுமதியின்றி அதைப் படிப்பதையும் தவிர்க்க வேண்டும். எழுதுவதற்கு அரைமணி நேரத் தனிமையை அமைத்துக்கொடுப்பதே பேருதவி.

வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம் எழுந்தால் மட்டும் எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டா. உடனே வீட்டாரிடமும் எங்களிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

நாங்கள் செய்யத் தயங்கும் ஒன்றை உங்களைச் செய்யச் சொல்வது அறமாகாது. இந்தச் சிகிச்சையைக் கற்பிக்கும் ஒவ்வோர் இடத்திலும் இது விதியாக வேண்டும்.