மின்னேற்றுபவருக்கே சலுகை

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பிளக்-இன் ஹைப்ரிட் காரின் சான்றிதழிலும் இரண்டு எண்கள் முதன்மை பெறுகின்றன. எஞ்சின் ஓடாமல் மின்சாரத்தில் மட்டும் அந்தக் கார் எத்தனை கிலோமீட்டர் செல்லும் என்பது ஒன்று. கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயுவை அது வெளியிடும் என்பது மற்றொன்று. உற்பத்தியாளர் தன் உமிழ்வு இலக்கை எட்டினாரா என்பதும், பல நாடுகளில் வாங்குபவர் பெறும் வரிச்சலுகையும் இவற்றைக் கொண்டே முடிவாகின்றன. ஆனால் அந்தக் கார் இரவில் வீட்டில் மின் இணைப்பில் செருகப்பட்டதா என்ற கேள்வி இவ்விரு எண்களில் எதிலும் இடம்பெறவில்லை. அக்கேள்விக்கு விடை இல்லாமல் பொதுப் பணத்தைச் சலுகையாக வழங்கும் முறையை ஒன்றியமும் அதன் உறுப்பு நாடுகளும் கைவிட்டாக வேண்டும்.

பிளக்-இன் ஹைப்ரிட் என்பது பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினையும், வெளியிலிருந்து மின்னேற்றக்கூடிய நடுத்தர அளவு பேட்டரியையும் ஒருங்கே கொண்ட வாகனம். பேட்டரி நிறைந்திருக்கும்போது பெரும்பாலும் மின்மோட்டார் காரை ஓட்டுகிறது. அது வற்றியபின் எஞ்சின் பொறுப்பேற்க, கார் சாதாரண ஹைப்ரிட் போல நடந்துகொள்கிறது, சாதாரண ஹைப்ரிடைவிடக் கூடுதலான எடையுடன். ஆகவே ஒரே வாகனம் ஓட்டுபவரின் பழக்கத்தைப் பொறுத்து ஏறத்தாழ மின்சாரக் காராகவும் இருக்கலாம், பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் காராகவும் இருக்கலாம். இவற்றில் நடைமுறையில் எது நிகழ்கிறது என்பதற்கு இப்போது நேரடிச் சான்று இருக்கிறது. 2021இல் பதிவான கார்களில் பொருத்தப்பட்ட எரிபொருள் அளவுமானிகளிலிருந்து திரட்டிய தரவுகளை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. ஆய்வகச் சோதனையில் கிலோமீட்டருக்குச் சுமார் 40 கிராம் என்று சான்றளிக்கப்பட்ட பிளக்-இன் ஹைப்ரிடுகள் சாலையில் சராசரியாகச் சுமார் 139 கிராம் வெளியிட்டன, அதாவது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. வழக்கமான பெட்ரோல், டீசல் கார்களில் இவ்வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கிறது.

இவ்வளவு பெரிய பிழைக்குச் சோதனைக் கருவிகள் காரணமல்ல. ‘பயன்பாட்டுக் காரணி’ எனப்படும் ஓர் அனுமானமே காரணம். பேட்டரியில் ஓடும்போதும் பேட்டரி வற்றியபின் ஓடும்போதும் தனித்தனியே அளக்கப்படும் உமிழ்வுகளை ஒரே எண்ணாக்க, மொத்த ஓட்டத்தில் எத்தனை பங்கு மின்சாரத்தில் நிகழும் என்று ஒரு சூத்திரம் கணிக்கிறது. மின்சாரத்தில் 60 கிலோமீட்டர் அளவு செல்லும் காருக்குப் பழைய சூத்திரம் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வழங்கியது. காரை ஒருமுறைகூட மின்னேற்றாதவருக்கும் அதே 80 விழுக்காடுதான். சுத்தப் போக்குவரத்துக்கான பன்னாட்டு அமைப்பு 2022இல் ஐரோப்பியப் பயன்பாட்டை ஆராய்ந்தபோது, தனிநபர் கார்களில் மின்சார ஓட்டம் 45 முதல் 49 விழுக்காடு என்றும், நிறுவனம் ஊழியருக்கு வழங்கும் கார்களில் 11 முதல் 15 விழுக்காடு மட்டுமே என்றும் கண்டறிந்தது. ஒரே வகைக் கார், ஒரே அளவு பேட்டரி. ஆயினும் விளைவு மூன்று மடங்கு மாறுகிறது.

இந்த வேறுபாட்டின் வேர் வீட்டு மின் இணைப்பில் இருக்கிறது. கிலோவாட் மணி ஒன்றை, அதாவது மின்கட்டண அட்டையில் ‘யூனிட்’ என்று குறிக்கப்படும் அளவை, அடிப்படையாகக் கொண்டால் கணக்கு எளிது. 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் செலவிடும் ஒரு காரின் பேட்டரியில் 12 யூனிட் பயன்பாட்டுக்குக் கிடைத்தால் 60 கிலோமீட்டர் ஓடலாம். ஐரோப்பாவின் சாதாரண 230 வோல்ட் சுவர்ச் செருகியில் 10 ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால் மணிக்கு 2.3 யூனிட் ஏறும். மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால் அந்தப் பேட்டரி ஆறு மணி நேரத்தில், உறங்கி விழிப்பதற்குள், நிறைந்துவிடும். நாள்தோறும் 50 கிலோமீட்டர் சென்று திரும்பும் ஒருவர் ஒவ்வோர் இரவும் செருகினால் வார நாட்களின் 250 கிலோமீட்டரும் மின்சாரத்திலேயே முடியும். வாரம் இருமுறை மட்டும் செருகினால் 120 கிலோமீட்டர்தான் முடியும், மீதி, அதாவது பாதிக்கு மேல், பெட்ரோல். எத்தனை தூரம் செல்லும் என்பதும் எத்தனை முறை ஏற்றப்படுகிறது என்பதும் ஒன்றையொன்று பெருக்கும் எண்கள் ஆதலால், அவற்றில் ஒன்றை மட்டும் அளந்து மற்றதை ஊகிக்கும் சட்டம் உண்மையை எட்டவே முடியாது.

நிறுவனக் கார்களில் அந்த ஊகம் ஏன் இத்தனை மோசமாகத் தவறுகிறது என்பதை ஜெர்மனி தெளிவாகக் காட்டுகிறது. அங்கே புதிதாகப் பதிவாகும் கார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களின் பெயரிலேயே பதிவாகின்றன. நிறுவனக் காரைச் சொந்தப் பயணத்துக்கும் பயன்படுத்தும் ஊழியரின் வருமானத்தில் காரின் பட்டியல் விலையில் மாதம் ஒரு விழுக்காடு சேர்க்கப்பட்டு வரி விதிக்கப்படுகிறது. பிளக்-இன் ஹைப்ரிட் என்றால் அதில் பாதிதான். இச்சலுகைக்கு, சான்றிதழ் உமிழ்வு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், அல்லது மின்சாரத்தில் செல்லும் தூரம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். 40 கிலோமீட்டராக இருந்த அவ்வரம்பு 2022 முதல் 60 ஆகவும், 2025 முதல் 80 ஆகவும் உயர்த்தப்பட்டது. மின்னேற்ற வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. பெட்ரோலுக்கோ நிறுவனத்தின் எரிபொருள் அட்டை ஊழியரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. வீட்டில் ஏற்றும் மின்சாரத்துக்கான கட்டணம் அவருடைய குடும்பத்தின் பெயரில் வருகிறது. இந்த நிலையில் செருகாமல் விடுபவரைச் சோம்பேறி என்று சொல்வது அநீதி. செருகினால் நட்டம், செருகாவிட்டால் இலவசம் என்று வகுத்தது சட்டமும் நிறுவனமும் சேர்ந்தே.

பேட்டரியைப் பெரிதாக்கினால் சிக்கல் தானே தீரும் என்பது உற்பத்தியாளர்கள் முன்வைக்கும் வாதம். 2010 இறுதியில் வந்த செவ்ரலே வோல்ட் 16 யூனிட் பேட்டரியுடன் அமெரிக்க அளவீட்டில் 56 கிலோமீட்டர் சென்றது. 2012ஆம் ஆண்டின் டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் 4.4 யூனிட்டுடன் 18 கிலோமீட்டரைத்தான் எட்டியது. இன்றைய ஐரோப்பிய மாதிரிகளில் பல சோதனை அளவில் 100 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன. இது மெய்யான முன்னேற்றம். நாள்தோறும் செருகுபவருக்குக் குளிர்காலத்திலும், அதாவது காரின் உட்பகுதியைச் சூடாக்கவே பேட்டரியின் ஒரு பகுதி செலவாகும் மாதங்களிலும், எஞ்சினின் தேவையைக் குறைக்கிறது. ஆனால் ஒருபோதும் செருகாதவருக்குப் பெரிய பேட்டரி என்பது கூடுதல் எடையும், அதை இழுக்கக் கூடுதல் பெட்ரோலுமே. அவருக்கும் வரிச்சலுகை மட்டும் தூரத்தைப் பார்த்துக் கிடைத்துவிடுகிறது.

ஒன்றியம் தன் பிழையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. பயன்பாட்டுக் காரணியின் சூத்திரம் 2025 முதல் புதிய மாதிரிகளுக்குக் கடுமையாக்கப்பட்டது. முன்பு 80 விழுக்காடு பெற்ற 60 கிலோமீட்டர் கார் இப்போது மொத்த ஓட்டத்தில் பாதியளவே பெறும். 2027 முதல் புதிய மாதிரிகளுக்கு அது மேலும் சுருங்கி மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கும். இத்திருத்தத்தைத் தளர்த்த வேண்டும் என்று தொழில்துறை எழுப்பும் கோரிக்கைக்கு ஆணையம் இணங்கக் கூடாது. அளந்து கண்ட உண்மையைக் கணக்கில் சேர்ப்பதை எத்தொழிலும் தண்டனை என்று அழைக்க முடியாது. எனினும் அத்தொழில்துறை கூறும் ஒரு குறையில் நியாயம் உண்டு. புதிய சூத்திரமும் சராசரியே ஆதலால், நாள் தவறாமல் செருகும் ஆசிரியரும் கம்பியை உறையிலிருந்து எடுக்காத விற்பனை மேலாளரும் அதிலும் ஒரே எண்ணைத்தான் பெறுகின்றனர்.

அக்குறையைத் தீர்க்கும் கருவி காரிலேயே உள்ளது என்பதுதான் இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத செய்தி. ஒன்றியத்தில் 2021 முதல் பதிவாகும் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட அளவுமானி, பிளக்-இன் ஹைப்ரிடில் மொத்த எரிபொருளையும் மொத்தத் தூரத்தையும் மட்டுமன்றி, எஞ்சின் நின்ற நிலையில் ஓடிய தூரத்தையும், வெளி மின் இணைப்பிலிருந்து பேட்டரிக்குள் வந்த மொத்த யூனிட்டுகளையும் பதிவு செய்கிறது. ஆண்டு வரிக் கணக்கின்போது இந்த இரண்டு மூன்று மொத்த எண்களைக் காட்டச் செய்தால் போதும்: மின்சாரத்தில் ஓடிய பங்கு பாதியைத் தாண்டினால் முழுச் சலுகை, அதற்குக் கீழே படிப்படியான குறைவு, மிகக் குறைந்தால் பெட்ரோல் காருக்குரிய வரி. கார் எங்கே சென்றது, எப்போது சென்றது என்பதை இவ்வெண்கள் சொல்வதில்லை. ஆகவே தனியுரிமை பறிபோகும் என்ற அச்சத்துக்கு இதில் இடமில்லை. கிலோமீட்டர் மானியின் எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதைவிட இது பெரிய வெளிப்பாடும் அன்று.

வலுவான எதிர்வாதம் வேறொன்று: வீட்டில் மின்னேற்ற இடமே இல்லாதவர் என்ன செய்வார்? பெர்லினின் அடுக்குமாடியில் நான்காம் தளத்தில் வாடகைக்கு இருப்பவர், தெருவோரம் காரை நிறுத்திவிட்டுச் சன்னல் வழியே கம்பி இறக்க முடியாது. பொது மின்னேற்ற நிலையத்தில் யூனிட்டுக்கு வீட்டுக் கட்டணத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுக்க நேரும்போது பெட்ரோலைவிட மின்சாரம் மலிவு என்ற ஆதாயமும் கரைந்துவிடுகிறது. ஜெர்மனி 2020 நவம்பரில் வீட்டு மின்னேற்றப் பெட்டிக்கு 900 யூரோ மானியம் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், தம் செலவில் மின்னேற்ற வசதி அமைக்க உரிமையாளரிடம் அனுமதி கோரும் உரிமையை வாடகைதாரருக்குச் சட்டம் வழங்கியது. மானியம் 2021இலேயே தீர்ந்துபோனது. உரிமை நிலைத்திருக்கிறது, ஆனால் கட்டடத்தின் பழைய மின்வடங்களை மாற்றும் செலவு வாடகைதாரரின் தலையிலேயே விழுகிறது. செருகாத கார்களுக்கு இன்று வரியில் விட்டுக்கொடுக்கப்படும் தொகையை இந்த வடங்களுக்கும், தெருவோர விளக்குக் கம்பங்களில் அமைக்கக்கூடிய மெதுவான, மலிவான மின்னேற்றப் புள்ளிகளுக்கும் திருப்பிவிட வேண்டும். இரவு முழுவதும் நிற்கும் காருக்கு 2.3 கிலோவாட் போதும். அதிவேக நிலையங்களுக்கு வேண்டிய பெருஞ்செலவு இங்கே தேவைப்படுவதில்லை. அத்தகைய இணைப்பு கிடைக்கும்வரை, செருக இடமில்லாத ஒருவருக்குப் பிளக்-இன் ஹைப்ரிடை வரிச்சலுகை காட்டி விற்பதை அரசு நிறுத்திவைக்க வேண்டும். அவருக்குச் சிறிய சாதாரண ஹைப்ரிட் காரே குறைந்த எரிபொருளில் ஓடும்.