சில்லறைத் திருட்டு

களவைக் குறிக்க நம் மொழியில் சொற்பஞ்சம் கிடையாது. பணத்தை வேட்டித் தலைப்பிலும் முந்தானையிலும் முடிந்துவைத்த காலத்தில் அதைக் கவர்ந்தவன் முடிச்சவிழ்க்கி. சட்டைக்குப் பை வந்து, அந்தப் பைக்கு ஜேப்பு என்று வடக்கிலிருந்து ஒரு பெயரும் வந்து ஒட்டிக்கொண்டபின் அவன் தொழில் ஜேப்படி ஆயிற்று. நாளிதழ்கள் வெகுகாலம் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தன. இப்போது பிக்பாக்கெட் என்று எழுதிவிடுகிறார்கள். இச்சொற்களெல்லாம் ஆளையோ செயலையோ சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்பவை. 'சில்லறைத் திருட்டு' என்ற புதுவழக்கு அப்படியல்ல. அது களவுக்கு விலையும் குறித்துவிடுகிறது. யாருடைய கணக்கில் சில்லறை என்பதுதான் என் கேள்வி. முதுகுப்பையுடன் அந்நிய தேசத்தில் தனியே சுற்றுகிறவர்களை முன்வைத்து இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஸ்பெயின் நாட்டுக் குற்றவியல் சட்டம் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. வன்முறையோ மிரட்டலோ இன்றிக் களவுபோன பொருளின் மதிப்பு 400 யூரோவைத் தாண்டவில்லையென்றால் அது இலகுவான குற்றம். பொதுவாக அபராதத்துடன் முடிந்துவிடும். தாண்டினால் சிறை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு அந்தச் சிறிய களவுக்குக் குற்றம் என்ற அந்தஸ்துகூட இல்லை, வெறும் பிழை என்ற வகையில்தான் இருந்தது. மூன்று முறையேனும் தண்டனை பெற்றவர் மறுபடி அதையே செய்து, எல்லாம் சேர்ந்து 400 யூரோவைத் தாண்டினால் சிறைக்கு அனுப்பலாம் என்று 2022இல் இன்னொரு திருத்தம் வந்தது. கோடு எங்காவது இருந்துதான் ஆக வேண்டும். பசிக்கு ரொட்டி எடுத்தவனையும் நகைக்கடையைச் சுரண்டியவனையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது. ஆகவே சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பொருளின் விலையை அளக்கும் அந்தக் கோலைக் கடன் வாங்கி, இழந்தவனின் இழப்பையும் அளந்து சொல்லிவிடுகிற நம் பேச்சு வழக்கோடுதான் சண்டை.

விட்டோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) பார்த்தவர்களுக்கு அந்தக் காவல் நிலையக் காட்சி நினைவிருக்கும். சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு சைக்கிள் கட்டாயம். வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து மீட்ட சைக்கிள் வேலைக்குப் போன முதல் நாளே களவுபோகிறது. அந்தோனியோ புகார் கொடுத்துக்கொண்டிருக்கையில், செய்தி ஏதேனும் உண்டா என்று ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்கிறார். ஒன்றுமில்லை, ஒரு சைக்கிள்தான் என்ற பொருளில் அதிகாரி பதில் சொல்கிறார். அந்தப் பதிலில் பொய் ஏதுமில்லை. அந்தச் சைக்கிள் ஒரு குடும்பத்தின் சோறு என்பது அவருடைய பதிவேட்டில் எழுதுவதற்குரிய விவரமில்லை, அவ்வளவுதான்.

டி சிக்கா விதிவிலக்கு. நம்முடைய இலக்கிய, திரைப்பட ரசனை பெரும்பாலும் எடுப்பவன் பக்கமே சாய்ந்திருக்கிறது. ராபர்ட் பிரெஸ்ஸனின் 'பிக்பாக்கெட்' (1959) படத்தில் கசாகி என்ற மேடை வித்தைக்காரர் நடித்ததுடன் விரல் வித்தைகளையும் சொல்லிக் கொடுத்தார். கார் தெ லியோன் ரயில் நிலையத்தில் பணப்பைகள் கைமாறிக் கைமாறி நகரும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. அந்தப் பைகளுக்கு உரியவர்களின் முகம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. ழான் ஜெனேயின் 'திருடனின் நாட்குறிப்பு' (1949) முப்பதுகளின் பார்சிலோனாவை வறுமையும் பேனும் பூத்த ஒரு தோத்திரமாக்கிவிட்டது. குளச்சல் மு. யூசுப் மலையாளத்திலிருந்து கொண்டுவந்த 'திருடன் மணியன்பிள்ளை'யை நாமெல்லாம் கொண்டாடினோம். கொண்டாடியதில் நியாயமும் உண்டு. திருடனுக்கும் உள்ளம் உண்டென்று காட்டியது இலக்கியத்தின் பெரிய காரியம். பறிகொடுத்தவனுக்கும் ஒன்று உண்டு என்பதை மட்டும் ஏனோ அது பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. அவன் தடித்த பணப்பையாகவோ கேலிக்குரிய சுற்றுலாப் பயணியாகவோ வந்துவிட்டுப் போகிறான்.

நடைமுறை எப்படியென்று பார்க்கலாம். தனியாள் மேல் நடக்கும் களவு அநேகமாகத் தனியாள் வேலையாக இருப்பதில்லை. தோளில் பறவை எச்சம் போல் ஏதோ விழும். கருணையே உருவான ஒருவர் காகிதத்துடன் துடைக்க வருவார். கீழே இறக்கிவைத்த பை மூன்றாமவருடன் போய்விடும். பாரிஸில் அதே வேலைக்குக் கையெழுத்து வேட்டை அட்டை. ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாத்திகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்தில் நெரிசலே போதும், வேறு கருவி வேண்டாம். எல்லா உத்திக்கும் ஒரே சூத்திரம்தான்: கவனத்தை இரண்டாகப் பிள. இருவராகப் போனால் ஒருவர் பராக்குப் பார்க்க இன்னொருவர் பையைப் பார்க்கலாம். தனியாகப் போகிறவனுக்கு இருப்பது ஒரே கவனம். பராக்குப் பார்க்கத்தானே ஐயா அத்தனை தூரம் போயிருக்கிறான்! இதெல்லாம் பயணிகளின் புலம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது. 2013 ஏப்ரலில் ஜேப்படிக் கும்பல்களின் தொல்லையும் மிரட்டலும் தாங்காமல் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்களே வேலையை நிறுத்த, மோனா லிசா ஒரு நாள் விடுமுறையில் இருந்தாள்.

என் பங்குக்கு மாட்ரிட். 2023 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல் ராஸ்ட்ரோ சந்தை. தோல் பதனிடுவோர் பெயரைத் தாங்கிய அந்த இறக்கமான தெருவில் பழைய சாவிகளும் திருகாணிகளும் யாருடைய தாத்தாவோ அணிந்த ராணுவக் கோட்டுகளும் விற்பார்கள். பை மார்போடு ஒட்டித்தான் இருந்தது, ஜிப்பில் கொக்கியும் உண்டு. கூட்டம் நெரித்து விலகிய அரை நிமிடத்தில் கொக்கி கழன்றிருந்தது. கைப்பேசியும் பர்ஸும் இல்லை. பர்ஸில் 85 யூரோவும் இரண்டு வங்கி அட்டைகளும். கைப்பேசி மூன்று வருடப் பழசு. எப்படிக் கூட்டினாலும் 400ஐத் தொடாது.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க, அவர்கள் பாஷையில் தெனுன்சியா, ஒரு வரிசையே காத்திருந்தது. எனக்கு முன்னால் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் இளம்பெண். பணப்பை, அடையாள அட்டை, கைப்பேசி எல்லாம் போய்விட்டன; அழுது ஓய்ந்திருந்தாள். வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சூயிங்கம் நீட்டினாள், களவாணி விட்டுவைத்தது அது ஒன்றுதானாம். அவளைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டுக்குப் போக எந்த நாட்டின் விசாவும் தேவையில்லை. அவள் தகப்பனார் அன்று மாலைக்குள் யாருக்காவது பணம் அனுப்பிவிட முடியும். ஷெங்கன் எல்லைக்குள் பேருந்து ஏறிக்கூட ஊர் போய்ச் சேரலாம். இருவர் புகாரிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருந்தது. இழந்தது ஒன்றல்ல.

என் சங்கதியைப் பாருங்கள். கைப்பேசியோடு போனது இந்திய சிம் கார்டு. வங்கியை அழைத்து அட்டைகளை முடக்கியாயிற்று. மற்றொரு கணக்கிலிருந்து பணமெடுக்கலாம் என்று விடுதிக் கணினியில் உட்கார்ந்தால், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்கிறது திரை. அந்த எண் யார் சட்டைப்பையில் இருக்கிறதோ! மாற்று சிம் வேண்டுமென்றால் சொந்த ஊர்க் கடைக்கு நேரில் வாருங்கள், கைரேகை வையுங்கள் என்றார்கள். மின்னஞ்சலைத் திறக்கவும் அதே எண்தான் சாவி. தம்பி ஊரிலிருந்து பணம் அனுப்பத் துடித்தான். நம் தெருமுனைகளில் இருக்கும் பணமாற்றுக் கடைகளுக்கு வெளிநாட்டுப் பணத்தை இங்கே வாங்கித் தரத்தான் ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருக்கிறது. அதே வழியில் வெளியே அனுப்ப முடியாது. வங்கி வழியே அனுப்பலாம், எனக்கு அங்கே ஒரு கணக்கு இருந்தால். கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த பழைய கல்லூரித் தோழன் அனுப்பிய 200 யூரோவை வாங்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் விடுதி வரவேற்பறைக்காரர் வாடகையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

பாஸ்போர்ட் சட்டைக்குள் இருந்ததால் தப்பித்தது. அதுவும் போயிருந்தால்? இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் என்று ஒன்று தரும். இந்தியாவுக்குள் நுழைய மட்டுமான ஒருவழித் தாள் அது. புதுப் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கலாம், நாளாகும். பழையதில் ஒட்டியிருந்த விசா பழையதோடு போனதுதான். மாதக்கணக்கில் வங்கி அறிக்கைகளும் வருமான வரித் தாள்களும் சேர்த்து, நேர்காணலுக்கு நாள் வாங்கிப் பெற்ற விசா. ஸ்பெயினில் அஞ்சல் பெட்டிகளுக்குள் கிடக்கும் தொலைந்த ஆவணங்களைத் திரட்டித் திருப்பிச் சேர்க்கும் வேலையையும் அஞ்சல் துறை செய்கிறது. காசை எடுத்துக்கொண்டு அட்டையை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிற மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். பத்து விநாடிக் கருணைதான், அதன் மதிப்பு வாங்குபவரின் நாட்டைப் பொறுத்தது.

ஊர் திரும்பியதும் கிடைத்தது ஒரே வாக்கியம். "கொஞ்சம் சூதானமா இருந்திருக்கலாம்ல மாப்ளே?" கேட்ட மாமா நல்லவர். இந்தக் கேள்வியின் வேலை ஆறுதல் சொல்வது இல்லை. கேட்பவருக்கு இது நடக்காது என்று அவருக்கே உறுதி செய்து கொடுப்பது. பயண நூல்களும் இதையே விரித்து எழுதுகின்றன. இடுப்பில் ரகசியப் பட்டை, ஏமாற்ற ஒரு போலிப் பர்ஸ், கத்தி பாயாத துணியில் பை. எல்லாப் பாரத்தையும் பறிகொடுப்பவன் தோளில் ஏற்றும் இந்தச் சாமர்த்தியம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. ஒரு காலத்தில் இந்தப் பாரத்தைச் சுமக்க வணிகமே முன்வந்தது. தாமஸ் குக் 1874இல் சுற்றுக் காசோலைத் தாள்களையும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891இல் பயணிக் காசோலைகளையும் கொண்டுவந்தன. எண்ணைக் குறித்து வைத்திருந்தால் தொலைந்த காசோலைக்கு மாற்றுக் கிடைக்கும். பயணி பறிகொடுப்பான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. இன்றைய நம் வங்கிகள் எல்லாச் சாவிகளையும் ஒரே கைப்பேசியில் கோத்துக் கொடுத்துவிட்டு, அது தொலைந்தால் நேரில் வாருங்கள் என்கின்றன. தெருவில் நின்றவன் எடுத்தது 85 யூரோவையும் ஒரு பழைய கருவியையும். மிச்சத்தையெல்லாம் பறித்தது இந்த ஏற்பாடு. அதற்கு இன்னொரு வாசல் வைப்பதொன்றும் ராக்கெட் விடுகிற காரியமில்லை.

சந்தேகம் என்ற மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியாகப் பயணம் செய்கிறவனால் அதை முழு அளவில் உட்கொள்ள முடியாது. ரயில் நிலையத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டும். கடலில் இறங்க வேண்டும். பத்துப் பேர் படுக்கும் அறையில் தூங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முன்பின் தெரியாத முகங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண்ணால் சொல்லிவிட்டுப் போகிறோம். விடுதி அறைகளில் சார்ஜரும் ஷூவும் எடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஏழைகள் இல்லை, நம்மைப் போல் முதுகுப்பை சுமந்து வந்த சக பயணிகள். அது தெரிந்தும் அங்கேதான் தூங்குகிறோம். ராஸ்ட்ரோவுக்குப் பிறகு ஒரு வாரம் என்னால் யாரிடமும் வழி கேட்க முடியவில்லை. பேருந்தில் பக்கத்தில் வந்தமர்ந்த கிழவியின் கையையே பார்த்துக்கொண்டு போனேன். வெளியே செகோவியாவின் ரோமானிய நீர்ப்பாலம் கடந்து போயிற்று. இந்த வாரத்துக்கு எந்தச் சட்டமும் யூரோவில் விலை போடவில்லை. 'சில்லறை' என்ற சொல்லுக்குள் புதைக்கப்படுவது இதுதான்.

இந்தக் கசப்பு தப்பான திசையிலும் பாயும். காவல் நிலைய வரிசையில் ஒருவர், எடுத்தவனின் நிழலைக்கூடப் பார்க்காதவர், "ஜிப்சிகள்தான்" என்று தீர்ப்பெழுதினார். தலையாட்டியவர்களில் ஒரு வட இந்தியரும் இருந்தார். அவர் இகழ்ந்த ரோமா மக்களின் மொழி அவருடைய மொழிக்கு உறவு. தண்ணீருக்குப் பானி என்பார்கள், மனிதனுக்கு மனுஷ் என்பார்கள். அவரை விடுங்கள், நாம்? 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1911இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். பிறந்த குலமே குற்றம் என்று குறித்து, ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வைத்தான். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920இல் சுட்டுக் கொன்றார்கள். நாடு முழுவதற்கும் அச்சட்டம் ஒழிந்தது 1952இல்தான். ஓர் எடுபிடிக் கும்பலின் விரலுக்கு ஒரு முழு இனத்தின் பெயரைச் சூட்டுவது எங்கே போய் முடியும் என்று மதுரைப் பக்கத்துக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் பர்ஸை எடுத்தவன் யாரென்று தெரியாது. தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் எடுத்தது சின்ன விஷயம் என்று அவன் சார்பில் இன்னொருவர் சொல்ல வருகிறபோது கோபம் வருகிறது.

நண்பர் ஒருவர் அடுத்த மாதம் தனியாக லிஸ்பன் போகிறார். 28ஆம் எண் டிராமைப் பற்றி அச்சத்துடன் கேட்டார். விடியற்காலையில் ஏறுங்கள், கூட்டமிருக்காது, ஜன்னலோரம் கிடைக்கும் என்றேன். ஓடிபி வரும் சிம்மைப் பழைய பட்டன் போன் ஒன்றில் போட்டுப் பெட்டியின் அடியில் வைக்கச் சொன்னேன். ஒரு வங்கி அட்டை தனியே, பாஸ்போர்ட் நகலும் இரண்டு புகைப்படமும் தனியே. ஐரோப்பாவில் இருக்கிற யாராவது ஒருவரின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அப்படி யாரும் தெரியாதே என்றார். என் ஃபிராங்க்ஃபர்ட் தோழனிடம் கேட்டுவிட்டு அவன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.