நகாட்டாவின் கோட்டைப் பார்த்தது போதும்

ஹிடெதொஷி நகாட்டாவை இப்ப எல்லாருக்கும் தெரியும். தலைமயிருக்குக் கலர் அடிச்சவர், ஃபாஷன் ஷோக்களில் முன்வரிசையில் இருக்கிறவர், 29 வயசில உதைபந்தாட்டத்தை விட்டிட்டு உலகம் சுத்தப் போனவர். முப்பது செக்கன் ரீல், பின்னால ஒரு மெல்லிய இசை, கீழே வரிசையாக நெருப்பு இமோஜி.

இதில என்ன பிழை எண்டு கேட்பீங்கள். அந்த ரீலில் பந்து இல்லை. அதுதான் பிழை.

1998இல் நகாட்டா பெருஜியாவுக்குப் போனபோது, யப்பானில் ஜேர்சி விற்கத்தான் இவரை வாங்கியிருக்கினம் என்ற கதை இத்தாலியில் பரவலாக ஓடியது. முதல் ஆட்டமே யுவென்டஸோடு. பெருஜியா 4-3 என்று தோற்றது. ஆனால் நகாட்டா இரண்டு கோல் போட்டார். அந்தப் பருவத்தில் சீரி ஆவில் மட்டும் பத்துக் கோல்கள்.

பிறகு ரோமா. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த வீரர்களுக்கு மட்டுப்பாடு இருந்ததால், கடவுச்சீட்டே அவரைப் பல தடவை வெளியில் இருத்தியது. அந்த விதி தளர்ந்து சில நாட்களில், 2001 மே 6, டூரினில் யுவென்டஸ் 2-0 முன்னிலை. டொட்டியை வெளியே எடுத்து நகாட்டாவை இறக்கினார்கள். தூரத்தில் இருந்து அவர் அடிச்ச அடி நேரே வலைக்குள். கடைசி நேரத்தில் மொன்டெல்லா சமன் செய்தார். அடுத்த மாதம் ரோமா சம்பியன், 18 வருஷத்துக்குப் பிறகு.

அன்றைக்கு ஜேர்சி விற்கிற ஆள். இன்றைக்கு கோட் போடுகிற ஆள். ஒரு ஆசிய ஆட்டக்காரனைப் பார்க்கிற கண் எவ்வளவு மாறியிருக்கு, சொல்லுங்கோ பார்ப்பம்?

அந்த ஓய்வும் ரீல் காட்டுகிற மாதிரி ஜாலியான விஷயம் இல்லை. ரோமாவுக்குப் பிறகு பார்மா, பொலோன்யா, பியொரென்டினா, போல்டன் என்று கழகம் கழகமாக மாறின வருஷங்கள். 2006 உலகக் கிண்ணத்தில் பிரேசிலிடம் 4-1 தோல்வி. ஆட்டம் முடிந்தும் எழும்பாமல் மைதான நடுவில் மல்லாந்து கிடந்தார். சில நாட்களில் ஓய்வை அறிவித்தார். ஆறு மாதத்துக்கு முதலே முடிவெடுத்ததாகவும் எழுதினார்.

எங்கே எழுதினார்? தன்ர சொந்த இணையத்தளத்தில். தேசிய கீதம் பற்றி அவர் சொன்னதாகப் பத்திரிகையில் வந்த ஒரு வரிக்காக 1998இல் வலதுசாரிகளின் மிரட்டலை வாங்கினவர் அவர். இடையில் ஒருத்தரும் நின்று வெட்டி ஒட்டக்கூடாது என்றுதான் இணையத்துக்கே வந்தார். இப்ப அதே இணையம் அவரை வெட்டி ஒட்டி விற்குது.

அவருக்கும் ஃபாஷன் பிடிக்கும்தானே எண்டு சொல்லலாம். உண்மைதான். யப்பானின் 47 மாகாணங்களையும் சுற்றி, சாக்கே மதுவை உலகத்துக்குக் கொண்டுபோறதும் அவர் விரும்பிச் செய்யிற வேலைதான். அது அவற்ற வாழ்க்கை. நான் கேட்கிறது எங்கட ரசனையைப் பற்றி. ஒருத்தனை அவன்ர வேலையைப் பார்க்காமலே கொண்டாடலாம் எண்டால், நாங்கள் உண்மையில் எதைக் கொண்டாடுறம்?

அடுத்த ரீலைப் பகிர முதல் அந்த டூரின் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கோ. கடைசி அரை மணித்தியாலம் போதும்.