ஒரு பெயரில் அடங்கும் மாந்தர்

‘அந்த வகுப்பாரெல்லாம் அப்படித்தான்’ என்று ஒருவர் கூற, அருகிருப்பவர் தலையசைத்து ஏற்றுக்கொள்வதை நாம் நாடோறும் காண்கின்றோம். மார்வாரி என்றால் கடுவட்டி, முஸ்லிம் என்றால் உருது, கிறிஸ்தவன் என்றால் ஆங்கில நடையுடை என, ஒவ்வொரு கூட்டத்தார் நெற்றியிலும் ஒவ்வொரு முத்திரை குத்தப்பட்டிருக்கின்றது. திரைப்படங்கள் இம்முத்திரைகளைப் பல்லாண்டுகளாகக் காசாக்கி வந்துள்ளன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு வாழும் முஸ்லிம்களையும், அம்மரபில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரையும் எடுத்துக் காட்டினால், ‘அது வேறு’ என்கின்றனர். தமிழின் முதல் நாவலெனப் போற்றப்பெறும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர் என்று சொன்னால், ‘அவர் விதிவிலக்கு’ என்கின்றனர். முத்திரைக்கு மாறானவையெல்லாம் விதிவிலக்கு என ஒதுக்கப்படுமாயின், விதி எங்ஙனம் பொய்க்கும்? ஆயிரம் விதிவிலக்குகள் வந்து நின்றாலும் அது அசையாதிருப்பதே வியப்பு.

இந்நிலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அச்சுத் தொழிலினின்றும் பிறந்தது. கோத்த எழுத்துக்களின்மேல் படிவம் எடுத்து, அதில் உலோகத்தை உருக்கி வார்த்து, பக்கம் முழுவதையும் ஒரே தகடாக்கிக்கொள்ளும் முறைக்கு ஸ்டீரியோடைப் என்று பெயர். தனித்தனி எழுத்தாகக் கோத்த பக்கத்தில் பிழை காணின் ஓரெழுத்தை எடுத்து வேறோரெழுத்தை வைக்கலாம்; வார்த்த தகட்டில் அது இயலாது. ஆனால் அத்தகட்டைக்கொண்டு எத்தனை ஆயிரம் படியாயினும் விரைந்து அச்சிடலாம். அமெரிக்க எழுத்தாளராகிய வால்ட்டர் லிப்மன் என்பார், 1922-இல் தாம் எழுதிய நூலொன்றில், மக்கள் பிறரைப்பற்றித் தம் உள்ளத்தே வைத்திருக்கும் மாறாச் சித்திரத்திற்கு இப்பெயரை இட்டு வழங்கினார். இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

மனம் இத்தகடுகளை ஏன் வார்க்கின்றது? கண்ட பொருளையெல்லாம் புதிதாக ஆராய்ந்துகொண்டிருக்க எவர்க்கும் காலமில்லை. புதரில் நெளிவது பாம்பு என்று தெரிந்தவுடன் விலகுகின்றோமேயன்றி, அதன் தனிக்குணத்தை உசாவி நிற்பதில்லை. இனம் வகுத்துப் பெயரிடுவது அறிவின் இயற்கை. அதனைக் குற்றமென்பார் மொழியையே குற்றமென்றல் வேண்டும். குற்றம் வேறிடத்து உள்ளது. நம்மவருள் ஒருவன் களவு செய்தால், அவன் தந்தையை இளமையில் இழந்தவன், தீய நட்பிற் சிக்கியவன் என்று அவன் ஒருவனுடைய வரலாற்றைக் கூறுகின்றோம். பிற வகுப்பான் ஒருவன் அதே களவைச் செய்தால், அவ்வகுப்பின் வரலாற்றைக் கூறுகின்றோம். நமக்கு நாம் தனித்தனி எழுத்துக்கள். அயலார் நமக்கு ஒரே தகடு. இவ்வோரவஞ்சனையே ஆராயத்தக்கது.

அயலாரைப் பழகி அறியாமையே இதற்குக் காரணம் என்பது பலர் கூறும் விடை. அதற்குச் சான்றும் இல்லாமற் போகவில்லை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்தது. அக்காலத்தில் லாப்பியர் என்னும் பேராசிரியர் சீனத் தம்பதியர் இருவருடன் அந்நாட்டில் நெடுந்தொலைவு பயணஞ்செய்தார். அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் ஒன்றே ஒன்றுதான் அவர்களை ஏற்க மறுத்தது. பின்னர் அவ்விடங்களுக்கெல்லாம், ‘சீனரை ஏற்பீர்களா?’ என்று வினவிக் கடிதம் விடுத்தார். விடையளித்தவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர்க்கு மேற்பட்டோர் ஏற்கோம் என்றெழுதினர். 1934-இல் அவர் வெளியிட்ட இச்செய்தி நகைப்பையும் துயரையும் ஒருங்கே தருவது. முகம் எதிரே நின்றபோது அறையைத் திறந்துவிட்ட கையே, பெயர் மட்டும் தாளில் வந்தபோது கதவை அடைத்தது.

ஆயினும், பழகாமை ஒன்றே காரணமாயின், பழகியவரெல்லாம் தகட்டை எறிந்திருத்தல் வேண்டுமன்றோ? நம் நாட்டுச் சரித்திரம் அங்ஙனம் கூறவில்லை. எம் திருச்சபையைச் சார்ந்த ஓர் எடுத்துக்காட்டையே ஈண்டுத் தருகின்றோம். கால்டுவெல் ஐயர் 1838-இல் சென்னையை அடைந்து, 1841 முதல் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் தங்கி உழைத்தவர். இன்று நாடார் என வழங்கும் மக்களிடையே எட்டாண்டுகள் வாழ்ந்தபின், 1849-இல் அவர்களைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதன்கண் அவ்வகுப்பார் அனைவரையும் அறிவு மழுங்கியவராகவும் பேய்வழிபாட்டில் ஆழ்ந்தவராகவும் ஒரே வண்ணத்தில் தீட்டிவிட்டார். அவர்தம் ஞானமந்தைக்குள்ளேயே அது பெரும் புண்ணை உண்டாக்கிற்று. அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பார் மிஷனரிமாரோடு பிணங்கி 1857-இல் தனியே ஒரு சபையை நிறுவினார். இந்நூல்மீது எழுந்த சினம் அவரையும் அவர் வழியினரையும் நெடுநாள் எழுதவும் வாதிடவும் வைத்தது. ‘அறிவு மழுங்கிய’ அவ்வகுப்பார் 1921-இல் தூத்துக்குடியில் தமக்கென ஒரு வங்கியை நிறுவினர். அவருட் பிறந்த காமராசர் 1954 முதல் 1963 வரை இம்மாநிலத்தின் முதலமைச்சராயிருந்தார்.

விந்தை யாதெனின், இதே கால்டுவெல் ஐயரே 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர். அந்நூலில் துதம், கோதம், கோண்டு எனச் சிறுசிறு கூட்டத்தார் பேச்சையும் தனித்தனியே எடுத்துப் பகுத்து, ஒவ்வொன்றன் வேறுபாட்டையும் பொறுமையுடன் நிறுத்துக் காட்டினார். ஒரு விகுதிக்கு அளித்த பொறுமையை மக்களுக்கு அளிக்கவில்லையே எனில், அதற்கு எமக்குத் தோன்றும் காரணம் இது: மொழியை அறிய அவர் வினவி நின்றார், மக்களிடம் திருத்த வந்து நின்றார். வினவுவோன் செவி திறந்திருக்கும். திருத்த வந்தோனுக்கு வேண்டியது தன் திருத்தத்திற்கு ஏற்ற குறையே.

இத்தகடு சட்டமானால் விளைவது என்ன என்பதை 1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம் காட்டிற்று. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ்க் குற்றம் செய்யாதவனும் பிறப்பினாலேயே பதிவேட்டில் ஏற்றப்பட்டான். 1920-இல் மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்த மக்கள் போலீசார் துப்பாக்கிக்கு இரையாயினர். 1947-இல்தான் இம்மாகாணம் அச்சட்டத்தை நீக்கிற்று.

வினவி நின்றார் பெற்ற பயனுக்கு ஒரு சான்று தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. எனினும் ஈண்டு மீட்டும் கூறத்தக்கது. திருவாவடுதுறையில் சைவச் சூழலில் வளர்ந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட சாமிநாதையர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியிற் பணியேற்றபோது, சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். படித்ததில்லை. ஏட்டைக் கையில் எடுத்தபோது சமண சமயப் பொருள்கள் விளங்கவில்லை. அவர் என்ன செய்தார்? சமணர் இன்னார் என்று தாம் அதுவரை கேட்டிருந்தவற்றை வைத்து ஊகித்து நிரப்பவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, அவர்கள்பால் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். சைவர் பலர்க்குப் பெயரளவிலேயே தெரிந்திருந்த அக்காப்பியம் அவ்வில்லங்களில் பக்தியோடு ஓதப்பெறுவதையும் கண்டார். 1887-இல் நூல் வெளிவந்தது. அவர்க்கு முன்னரே அக்காப்பியத்திற்கு உரைகண்ட நச்சினார்க்கினியரும், முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால் அவர் நூல்களைப் பயின்று மீண்டும் எழுதினார் என்றொரு கதை வழங்கும். கதையாயினும் பொருளுடையது.

1954-இல் ஆல்போர்ட் என்னும் உளநூலறிஞர், இரு கூட்டத்தார் வெறுமனே அருகருகே இருப்பதால் வெறுப்புக் குறையாது. சமநிலையில் நின்று, பொது நோக்கிற்காகக் கூடி உழைத்து, மேலோர் ஆதரவும் பெற்றாலே குறையும் என்று எழுதினார். இடையன்குடியையும் கும்பகோணத்தையும் ஒருங்கு நோக்குவார்க்கு அவர் கூற்றின் உண்மை விளங்கும்.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். மிஷன் அச்சுக்கூடங்கள் வெளியிட்ட பழைய நூல்களில் ‘அஞ்ஞானி’ என்னும் ஒரு சொல்லைப் பலகாலும் காண்கின்றோம். சிவஞானபோதத்தை ஆராயும் சித்தாந்தியும், அத்துவைதியும், சுடலைமாடனுக்குக் கொடை எடுக்கும் உழவனும் அதனுள் ஒருங்கே அடைபட்டனர். ஜி. யு. போப் ஐயர் திருவாசகத்தை நெடுநாள் கற்று 1900-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அச்சொல்லின் வறுமை வெளிப்பட்டது. ஆயினும் அச்சொல் முற்றிலும் வழக்கொழிந்தது என்று எவரும் எம்மிடம் கூறவேண்டா. ஜெபக்கூட்டங்களில் அதன் பேரப்பிள்ளைகளை நாம் கேட்கின்றோம்.

இதற்கு மருந்தாக ஆண்டுதோறும் சமய நல்லிணக்க விழா எடுக்கப்பெறுகின்றது. ஒரு சமயத்திற்கு ஒருவராக மேடையேறிப் பத்து நிமிடம் பேசி இறங்குகின்றனர். எம் எண்ணம் வெளிப்படையாகக் கூறின், அது தகட்டிற்குப் பொன்முலாம் பூசுவதேயாம். மேடையேறிய மாணவன் அங்கே தன் பெயருடைய ஒருவனாக நிற்பதில்லை. ஒரு சமயமாக நிற்கின்றான். முஸ்லிம் மாணவர் யாவரும் சீறாப்புராணம் அறிவர் என்று எண்ணி அவரை அணுகுவதும் அவ்வகையினதே.

இதனினும் எளியதும் பயனுடையதுமான ஒன்று உண்டு. விடுதியில் அறைத்தோழரை அவரவரே தேர்ந்துகொள்ளும் வழக்கத்தால், ஓரூரார் ஓரறை, ஒரு சபையார் ஓரறை என்று அமைந்துவிடுகின்றது. மூன்றாண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், அடுத்த அறையில் நோன்பிருப்பவர் எப்பொழுது எழுகின்றார், எதைப் படிக்கின்றார், எதற்கு நகைக்கின்றார் என்று நாம் அறியோம். முதலாண்டு அறைகளையேனும் சீட்டுக் குலுக்கி ஒதுக்கலாம். உணவும் வழிபாட்டு நேரமும் இடர்ப்படும் என்பார் உளர். உணவுக்கூடம் எல்லார்க்கும் ஒன்றே. விடியற்காலையில் விளக்கேற்றுவோர் பற்றிய பூசல் ஒரு சபையார் அறையிலும் குறைவின்றி நிகழ்வதே. அப்பூசலையும் பிற சமயத்தவன் ஒருவனோடு நேருக்கு நேர் நிகழ்த்தி முடித்துக்கொள்வது நன்று. வரும் கல்வியாண்டின் அறைப்பட்டியலை ஆயத்தஞ்செய்வோர் இதனைக் கருதுவாராக.