தடை போட்டாச்சு, அளந்து பார்த்தாச்சா?

களுதாவளையை வரைபடத்தில பாருங்க. ஒடுங்கின மணல் துண்டு. கிழக்கே வங்கக்கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. நடுவில வெற்றிலை, மிளகாய், வெங்காயத் தோட்டங்கள். வாவிக்கு அங்கால படுவான்கரை வயல்கள். தோட்டத்துக்கும் வயலுக்கும் அடிக்கிற கிருமிநாசினி மாரி மழையோட எங்க போகும்? சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்.

"மோசமான மருந்தெல்லாம் எப்பவோ தடை செய்தாச்சே" எண்டு சொல்லுவாங்க. உண்மைதான். மலேரியாவுக்கு வீடு வீடா அடிச்ச டி.டி.ரி.யை இலங்கை 1976இல் தடை செய்தது. எண்டோசல்பானை 1998இல் நிறுத்தியது. ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் எண்டோசல்பான் சேர்ந்தது 2011இலதான். 13 வருசம் நாங்க முந்தி. ஆனா தடை புதுசா வாறதைத்தான் மறிக்கும், ஏற்கனவே படிஞ்சதை அள்ளிக்கொண்டு போகாது.

இந்த வகை இரசாயனங்களுக்கு 'நீடித்து நிலைக்கும் சேதன மாசுக்கள்' எண்டு பேர். சேதனப் பசளையில வாற அதே 'சேதன' எண்டு ஏமாந்துடாதீங்க. இங்க அதுக்கு காபன் சேர்ந்த இரசாயனம் எண்டு மட்டும்தான் அர்த்தம். இதுகள் தண்ணியில பெரிசா கரையாது. சேற்றில ஒட்டும், கொழுப்பில தங்கும், வருசக்கணக்கா அழியாம கிடக்கும். சேற்றிலிருந்து மட்டிக்கும் நண்டுக்கும், அங்கிருந்து மீனுக்கும், மீனிலிருந்து எங்களுக்கும் ஏறும். ஒவ்வொரு படியிலயும் செறிவு கூடும். கடைசியா தாய்ப்பால் வரைக்கும் போகும். (அதுக்காக தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி எந்த வைத்தியரும் சொல்லமாட்டார், அதன் நன்மை பெரிசு.) அதனால வாவியில ஒரு போத்தல் தண்ணி எடுத்து "சுத்தம்" எண்டு சொன்னா, பார்க்கவேண்டிய இடத்தையே பார்க்கேல்ல எண்டு அர்த்தம்.

இலங்கை 2005இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆனா அதன் உலகக் கண்காணிப்புத் திட்டம் முக்கியமா பார்க்கிறது காற்று, தாய்ப்பால், மனித இரத்தம் ஆகியவற்றை. சில இரசாயனங்களுக்கு மட்டும் தண்ணியையும் பார்க்கும். வாவிச் சேறு அதில முதன்மையில்ல. அதை நாங்கதான் கேட்டு வாங்கவேணும்.

வழி புதுசில்ல. சிப்பிகள் தண்ணியை வடிச்சுச் சாப்பிடுறதால அதுகளின் உடம்பே மாசுக் கணக்குப் புத்தகம் எண்டு, 1975இல் எட்வேர்ட் கோல்ட்பெர்க் சிப்பிக் கண்காணிப்பை முன்வைத்தார். ஜப்பானில் பேராசிரியர் ஹிதெஷிகே தகாதா 2005இல் இன்னொரு வழியைத் தொடங்கினார்: கரையொதுங்கும் பிளாஸ்ரிக் குறுணிகளை ஊர்ச்சனம் பொறுக்கித் தபாலில அனுப்ப, அதில ஒட்டியிருக்கிற மாசை ஆய்வுகூடம் அளக்கும். பொறுக்கிறதுக்குப் பட்டம் தேவையில்ல. எங்கட கடற்கரையிலயும் செய்யலாம்.

உண்மையான தடை பயம்தான். "அளந்து வெளியிட்டா மீன் விலை விழும், மரக்கறி போகாது" எண்டு. நியாயமான பயம். பல வீடுகளுக்குத் தோட்டமும் வாவியும்தான் சோறு. ஆனா 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சபோது நடந்ததை நினைச்சுப் பாருங்க. ஆக்கள் மீன் வாங்கவே தயங்கினாங்க. இலக்கம் இல்லாத இடத்தில வதந்திதான் விலை தீர்மானிக்கும். இலக்கம் இருந்தா "இந்த மீன் பயமில்ல, அந்த வாய்க்கால் வாயில மட்டி எடுக்காதீங்க" எண்டு பிரிச்சுச் சொல்லலாம்.

எங்கட கையில இருக்கிற வேலையும் ஒண்டு இருக்கு. வளவு கூட்டின குப்பையோட பழைய வயர், பி.வி.சி. குழாய்த் துண்டு எல்லாம் போட்டுக் கொளுத்துறோமே, அந்தப் புகையில வாற டயொக்சினும் இதே பட்டியலில்தான் இருக்கு. அதை நிறுத்த எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம்.

கேட்கவேண்டியது இதுதான்: வாவியில குறிச்ச சில இடங்கள் — வயல் வாய்க்கால்கள் விழுற இடம், களுதாவளை வாவிக்கரை, பாலமீன்மடு முகத்துவாரம். மாரிக்கு முன்னம் ஒருக்கா, மாரி முடிஞ்சு ஒருக்கா, சேறும் மட்டியும் எடுத்து ஒவ்வொரு வருசமும் அளக்கவேணும். நாராவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்தா முடியும். முடிவு தமிழில, பிரதேச சபை அறிவித்தல் பலகையில, தோணிக்காரரும் தோட்டக்காரரும் வாசிக்கிற மாதிரி ஒட்டப்படவேணும்.