திரையில் நாம்: ஒரு சாதாரண இரசிகனின் அபிப்பிராயம்

நான் திரைப்பட விமர்சகன் அல்லன். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தும் சினிமாப் பக்கத்துக்கு ஒரு வரிதானும் எழுதியதில்லை. ஓய்வு கிடைக்கும்போது கைக்கு எட்டிய படத்தைப் பார்க்கிறவன், அவ்வளவுதான். ஆகவே ஒளிப்பதிவு, படத்தொகுப்பு முதலியன பற்றி இங்கு எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் திரையில் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் வந்து நிற்கும்போது, அவர் அச்சுவேலிச் சந்தையில் நாம் எதிர்ப்படக்கூடிய ஒருவர்தானா என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று எண்ணுகிறேன். அந்த ஓர் அளவுகோலுடன் சில படங்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் பார்த்த படங்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் எங்கள் பேச்சைப் பேசினார். அதற்கு உதவியவர் எங்கள் வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத். ஒரு பெரும் நடிகரின் வாயிலிருந்து எங்கள் தமிழ் வந்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பாத்திரம் எதைக் கண்டாலும் பயப்படுகிற மனிதர். பயத்தின் வேர் போரில் இருக்கிறது என்பதைப் படம் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிட்டு, மறுபடியும் சிரிக்க வைக்கப் போய்விடுகிறது. சிரிப்புப் படத்திடம் அதற்கு மேல் கேட்பது நியாயமன்று.

2002இல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. பெற்ற தாயைத் தேடி மாங்குளம் வரும் சிறுமியின் கதை. கீர்த்தனாவும் நந்திதா தாஸும் சந்திக்கும் காட்சி கல்லையும் கரைக்கும். ஆனால் மாங்குளம் என்று காட்டப்படும் நிலம் வன்னி அன்று, தென்னிந்தியாவில் எடுக்கப்பட்டது. பாலையும் வீரையும் நிற்கும் வரண்ட காட்டை அறிந்தவருக்கு அந்தப் பசுமை உறுத்தவே செய்யும். போர்க்காலத்தில் வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2025இல் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' அண்மைக்கால உதாரணம். பொருளாதார நெருக்கடியால் படகேறி இராமேஸ்வரம் போய், சென்னையில் தங்கும் குடும்பம். எங்கள் பேச்சு வெளியே கேட்டால் ஆபத்து என்று அவர்கள் அதை மறைக்க வேண்டியிருப்பது உண்மையான, நுட்பமான விடயம். சசிகுமாரும் சிம்ரனும் பாடுபட்டுப் பேசியிருக்கிறார்கள். இடைக்கிடை வழுக்கினாலும் பரவாயில்லை. படம் முழுவதும் நல்லெண்ணம் நிறைந்திருக்கிறது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதற் படம் என்பதால் பாராட்டு இரட்டிப்பாகிறது.

ஆயினும் இந்த மூன்று படங்களுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. மூன்றிலும் நாம் இரங்கத்தக்கவர்கள். பயந்தவர்கள், பிரிந்தவர்கள், அடைக்கலம் தேடுகிறவர்கள். நாம் யாருக்கும் தீங்கு செய்யக்கூடியவர்களாக அங்கே இல்லை. அயலவருக்கு வேலிச் சண்டையில் வழக்கு வைப்பவரும், சீதனத்துக்குக் காணி கேட்டு அடம்பிடிப்பவரும், சாதி பார்த்துத் தண்ணீர் கொடுப்பவரும் அந்தப் படங்களில் எதிர்ப்பட மாட்டார்கள். எங்கள் ஊரில் எதிர்ப்படுவார்கள். குறையில்லாத மனிதரைத் திரையில் காண்கையில் இரக்கம் வருகிறது. 'இவர் எங்கள் ஆள்' என்ற எண்ணம் வருவதில்லை.

அந்த எண்ணம் எனக்கு வந்த படங்கள் வேறு. முதலாவது 'பொன்மணி'. எழுபதுகளின் பிற்பகுதியில் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த படம். திரைக்கதை காவலூர் இராஜதுரையுடையது. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கி இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபின் உள்நாட்டுத் தமிழ்ப் படங்களுக்குச் சிறிது இடம் கிடைத்த காலம் அது. 'குத்துவிளக்கு' (1972), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று' (1978) முதலியன அப்போது வந்தவையே. ஆயினும் 'பொன்மணி' சென்ற தூரம் மற்றவை செல்லவில்லை. சீதனத்துக்காகக் காத்திருக்கும் மூத்த மகள், சாதி கடந்து காதலிக்கும் இளைய மகள், அவள் மீது பாயும் குடும்ப கௌரவம். வில்லன் என்று ஒருவரையும் படம் காட்டவில்லை. வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் மரியாதையான மனிதர்கள். அந்த மரியாதைதான் கொலையில் போய் முடிகிறது. பல ஆண்டுகள் கழித்தே எனக்கு அதைப் பார்க்கக் கிடைத்தது. இன்றும் அது பழையதாகத் தோன்றவில்லை. வசூலில் அப்படம் தோற்றது.

இரண்டாவது, அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012). போர் முடிந்தபின் ஊர் திரும்பும் முன்னாள் போராளியின் கதை. யாழ்ப்பாணத்தில் எடுக்கப்பட்டு, கான் விழாக் காலத்தில் அங்கு திரையிடப்பட்டது. ஊர் அவனை மாலையிட்டு வரவேற்கவில்லை, முகம் திருப்பிக்கொள்கிறது. தங்கள் பிள்ளைகள் திரும்பாதபோது இவன் மட்டும் ஏன் திரும்பினான் என்ற கேள்வி ஒவ்வொரு படலையிலும் நிற்கிறது. 2022இல் காலமான தர்ஷன் தர்மராஜ் அந்த மௌனத்தைச் சுமந்த விதம் மறக்க முடியாதது. பிற்பகுதியில் கதை கடத்தல் விவகாரத்தில் சிக்கிச் சற்றுத் தடுமாறுகிறது. ஆனால் அந்த முதற் பகுதிக்காகவே அதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, 2015இல் கானின் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்'. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்தது. செத்தவர்களின் கடவுச்சீட்டில் குடும்பமாக நடித்து பிரான்ஸ் போகும் மூவர். எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன். கடைசியில் வரும் துப்பாக்கிச் சண்டையை நான் நம்பவில்லை. ஆனால் அந்நியர் மூவர் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் சந்தேகித்தபடி சோறு தின்னும் காட்சிகளை நம்பினேன். தாயாக நடிக்க நேர்ந்தவள் அந்தப் பிள்ளையை விட்டு இங்கிலாந்துக்கு ஓடிவிட எண்ணுகிறாளே, அது இரக்கத்துக்காகச் சமைக்கப்பட்ட பாத்திரம் அன்று, மனுஷி. ரொறன்ரோவின் லெனின் எம். சிவம் '1999' (2009) படத்தில் அங்குள்ள எங்கள் இளைஞரின் குழுச் சண்டைகளைக் காட்டியபோதும் அந்தத் துணிவைக் கண்டேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்திராஜாவும் ஹந்தகமவும் சிங்களவர், ஓடியார் பிரெஞ்சுக்காரர். எங்கள் குறைகளைக் கூச்சமின்றிக் காட்டிய மூன்று படங்களின் இயக்குநர்கள் வெளியார் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. அவர்கள் மறுநாள் எங்கள் உறவினர் வீட்டுக் கலியாணத்தில் போய் உட்கார வேண்டியதில்லை. 'எங்கள் மானத்தை வாங்கிவிட்டாய்' என்று அவர்களை எவரும் மறிக்க முடியாது. எங்களவர் ஒருவர் அத்தகைய படம் எடுத்தால், 'இப்போது இதுவா முக்கியம்? எதிரிக்கு வாய்ப்பாகிவிடும்' என்பார்கள். போர்க்காலத்தில் அந்த வாதத்துக்கு ஒரு பொருள் இருந்திருக்கலாம். 2009க்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அதே வாதத்தைச் சொல்வது எனக்குச் சோம்பலாகவே படுகிறது.

கலைஞர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வருகிறது. மதிசுதா 'வெந்து தணிந்தது காடு' படத்தை ஐபோனிலேயே எடுத்தார். கருவி மலிந்துவிட்டது, துணிவுள்ள இளைஞரும் இருக்கின்றனர். குறைவாக இருப்பவர்கள் பார்ப்பவர்கள். தென்னிந்திய நட்சத்திரத்தின் படம் வந்தால் முதல் நாள் கட்அவுட்டுக்குப் பால் வார்க்கிறோம். உள்ளூர்ப் படம் என்றால் 'எப்ப யூரியூப்பில் வரும்?' என்கிறோம்.

1983 ஜூலையில் ஹெந்தலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது பல படங்களின் மூலப் பிரதிகள் சாம்பலாயின. அது மற்றவர் இட்ட தீ. 'பொன்மணி' போன்ற படங்களைப் பார்க்காமல் விட்டதற்கு எவரையும் குற்றஞ்சாட்ட முடியாது. அது நாம் செய்தது.

எனவே புலம்பெயர்ந்த நாடுகளிலும் இங்கும் உள்ள வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களவர் படம் திரையிடப்பட்டால் ரிக்கற் வாங்கிப் பாருங்கள். 'நம்மவர் படம்' என்பதற்காகப் புகழ வேண்டாம். மோசமென்றால் மோசமென்றே சொல்லுங்கள். ஆனால் எங்கள் குறையைக் காட்டியது என்பதற்காக மட்டும் ஒரு படத்தை மோசம் என்று சொல்லாதீர்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் உள்ளே விடும்படி கேட்டு நின்றவர்களும், அவர்களை மறித்து நின்றவர்களும் எங்கள் ஊர்களின் மனிதரே. அந்தக் கதையை நாளை ஓர் இளைஞர் படமாக்கிக்கொண்டு வந்தால், மறித்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் வந்து அமர்ந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் அடுத்த படத்தை எடுக்க அவருக்குத் துணிவு வரும்.